போர்ச்சுக்கு ஓடு போடுவதற்கு முன் தூணின் காலைப் பாருங்கள்

மேரு: பிற்பகல் இரண்டு மணிக்கு மேரு வட்டாரத்தில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். வரிசை வீடுகளுக்கு முன்னால் கார் போர்ச், அதன் மேல் பாலிகார்பனேட் கூரை. போட்ட புதிதில் கண்ணாடிபோல் மின்னிய தகடு சில ஆண்டுகளில் பழுப்பேறிப் போகிறது. திருகாணி இறங்கிய இடங்களில் கீறல் விடுகிறது. இரட்டைச் சுவர் கொண்ட தகடாக இருந்தால் உள்குழாய்களில் பச்சைப் பாசியும் குடியேறிவிடும். அதன் கீழே கார், மோட்டார் சைக்கிள், துணிக்கொடி, துளசி மாடம், தாத்தாவின் நாற்காலி. ஆனால் அந்த நேரத்தில் தாத்தா மட்டும் அங்கே இருக்க மாட்டார். வெயில் நேரத்தில் அங்கே உட்கார முடியாது. மழை பிடித்தால் தொலைபேசியில் பேசவும் முடியாது.

தீபாவளி நெருங்கும்போதோ, வீட்டில் ஒரு திருமணம் கூடிவரும்போதோ அந்தக் கேள்வி எழுகிறது. இதை எடுத்துவிட்டு, வீட்டுக் கூரையைப் போலவே ஓடு போட்டுவிட்டால் என்ன?

சில வீடுகளில் தாராளமாகப் போடலாம். பெரும்பாலான ஒற்றை மாடி வீடுகளில், இப்போது நிற்கும் தூண்களின் மேல் அப்படியே போடக் கூடாது. ஓட்டின் தரம், நிறம், விலை எல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. தூணுக்கு அடியில் என்ன இருக்கிறது, கூரைக்குத் தேவையான சரிவு கிடைக்குமா, தண்ணீர் எங்கே விழும் என்ற மூன்றும்தான் முதலில் முடிவு செய்யப்பட வேண்டும். வீட்டுக்கு வரும் குத்தகையாளர்கள் பலர் முதலில் காட்டுவது நிற அட்டையைத்தான்.

அத்தாப்பிலிருந்து ஓடு வரை

ஓட்டின் மேல் நம்மவர்களுக்கு இருக்கும் ஆசையை வெறும் அலங்கார ஆசை என்று தள்ளிவிட முடியாது. தோட்டத்து லயங்களில் முதலில் இருந்தது அத்தாப்பு, பிறகு வந்தது தகரம். மலாயில் 'அத்தாப்' என்றால் பொதுவாகக் கூரை என்றே பொருள். தோட்டத் தமிழில் அது நிப்பா ஓலை வேய்ந்த கூரைக்கு மட்டுமே உரிய சொல்லாகிவிட்டது. அந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து நமக்கு வந்தது என்பது அதிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் 'கூரை வீடு', 'ஓட்டு வீடு' என்ற இரு சொற்கள் இரண்டு வகை வாழ்க்கையைக் குறித்தன. லயத்திலிருந்து தாமானுக்கு வந்த குடும்பம், வீட்டின் முகப்பிலும் ஓடு வேண்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை.

கோலாலம்பூரின் கதையும் இதுவே. 1881ஆம் ஆண்டு ஜனவரியில் தீயும், அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் மரமும் அத்தாப்புமாக இருந்த அந்த ஊரை அழித்தன. அதன் பிறகு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884இல் நகரக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று கட்டளையிட்டார். அதற்குத் தேவையான செங்கல் சூளைகள் இருந்த இடத்துக்குத்தான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது. இன்று அங்கே மாலை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மேலே இரண்டு மைவி

இனி எடைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, 20 அடி அகலமும் 18 அடி ஆழமும் உள்ள ஒரு போர்ச். பரப்பு 360 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 33 சதுர மீட்டர்.

இதன் மேல் இருக்கும் பாலிகார்பனேட்டின் மொத்த எடை மிகச் சொற்பம். 6 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர்த் தகடு என்றால் 50 கிலோவுக்கும் குறைவு, 3 மில்லிமீட்டர் கெட்டித் தகடு என்றால் ஏறத்தாழ 120 கிலோ. இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கிவிடும் எடைதான்.

மலேசிய வீடுகளில் பரவலாகப் பயன்படும் கான்கிரீட் ஓடு ஒன்று நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 ஓடுகள் தேவை. அதாவது சதுர மீட்டருக்கு 40 முதல் 45 கிலோ. சரிவாக வேயும்போது பரப்பு சற்றுக் கூடுவதால், மேலே சொன்ன போர்ச்சுக்கு ஓடு மட்டுமே ஒன்றரை டன்னைத் தாண்டும். ஓட்டைத் தாங்கும் சட்டங்கள், ரீப்பர், உட்கூரைப் பலகை, விளக்கு, மின்விசிறி ஆகியவற்றையும் சேர்த்தால் இரண்டு டன்னுக்கும் மேல். கான்கிரீட் ஓடு மழையில் கொஞ்சம் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு மைவி காரின் எடை ஏறத்தாழ ஒரு டன். ஆகவே கீழே ஒரு மைவி நிற்க, அதன் தலைக்கு மேலே இரண்டு மைவிகளை ஏற்றி வைக்கிறோம். அந்த எடை இரவும் பகலும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும்.

பாலிகார்பனேட் கூரையைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் மெல்லிய இரும்புப் பெட்டிக் குழாய்கள். பல வீடுகளில் அவற்றின் பின்முனை வீட்டுச் சுவரில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். முன்முனைத் தூண், போர்ச் தரையின் மேல் ஒரு தகடு வைத்து நான்கு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தூணுக்கு அடியில் தனி அடித்தளமே இல்லை. கார் ஏறுவதற்காகப் போட்ட நான்கு அங்குலக் கான்கிரீட் தரைதான் அதற்கு அடித்தளம். இந்தச் சட்டத்தின் மேல் ஓடு ஏற்றலாம் என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மேருவின் மண்

சரி, இரும்பை எடுத்துவிட்டு கான்கிரீட் தூணும் உத்திரமும் போட்டால் போதுமா? மலைப்பாங்கான இடமாக இருந்தால் ஏறக்குறைய போதும். கிள்ளான் வட்டாரத்தில் போதாது.

கிள்ளானிலிருந்து காப்பார் வரை விரியும் கரையோரச் சமவெளியின் பெரும்பகுதி மென்களிமண். சில இடங்களில் கரிமண்ணும் உண்டு. ஆறும் கடலும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த இந்தச் சேற்றில் நீர் நிறைந்திருக்கும். அதன் மேல் எடை ஏறினால் நீர் மெல்ல மெல்ல வெளியேறும், மண் அமுங்கும். ஓரிரு நாளில் நடந்து முடிவதில்லை இது. ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட மண்ணில் மேம்பாட்டாளர் வீடு கட்டும்போது கடினமான அடுக்கை நோக்கி ஆழமாக முளைகளை இறக்கி, அவற்றின் மேல் வீட்டை நிறுத்துவது வழக்கம். பிறகு வீட்டுக்காரர் சொந்தச் செலவில் நீட்டிக் கட்டும் பகுதிக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. இரண்டு மூன்று அடி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். கொஞ்சம் அக்கறையுள்ள குத்தகையாளர் பக்காவ் கட்டைகளை இறக்குவார். அவையும் வீட்டின் முளைகள் போகும் ஆழத்துக்குப் போவதில்லை.

அதனால் வீடு நிற்கிறது, நீட்டிக் கட்டிய பகுதி இறங்குகிறது. இதைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம். பின்கட்டு அடுப்படி வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்பு, மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கும். வாசலில் போர்ச் தரைக்கும் படிக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஆண்டுதோறும் சிமெண்ட் பூசி, ஆண்டுதோறும் மறுபடி திறந்துகொள்ளும் அந்தக் கோடு பலருக்கும் பழக்கமானதுதான்.

பாலிகார்பனேட் கூரை இந்த இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். அது இலேசானது, வளையும். ஓட்டுக் கூரை அப்படி இல்லை. அதன் பின்முனை வீட்டோடு பிணைந்திருக்க, முன்முனை தூணோடு இறங்கினால் நடுவில் ஓடுகள் பிரியும். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் மடித்துப் பொருத்திய ஈயத் தகடோ அலுமினியத் தகடோ பிய்ந்துகொள்ளும். அதன் வழியே வரும் தண்ணீர் வரவேற்பறைச் சுவருக்குள் இறங்கும். 'ஓடு சரியில்லை' என்று குத்தகையாளரைக் கூப்பிட்டுச் சிலிக்கான் பூசச் சொல்வோம். அடுத்த மழையில் அது மீண்டும் ஒழுகும். கோளாறு மேலே இல்லை, தரைக்கு அடியில் இருக்கிறது.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. போர்ச்சும் வீடும் சேரும் இடத்தில் வெடிப்பு இருந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகு மறுபடி பாருங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் நிலம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் இரண்டு டன்னை ஏற்றுவதற்கு முன், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, ஒரு தூணின் பக்கத்தில் தோண்டி அடித்தளத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் ஓடுகளை இறக்கி மறுபடி ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

சரிவுக் கணக்கு

எடையும் மண்ணும் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தடை வெறும் கூட்டல் கழித்தல்தான். ஆனால் பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஓட்டுக் கூரைக்கு நீர் புகாத ஒரே மூடி கிடையாது. ஒன்றன் மேல் ஒன்று படிந்து, சரிவின் துணையோடு நீரைக் கீழே தள்ளிவிடும் ஏற்பாடு அது. சரிவு குறைந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியில் ஏறிவிடும். எவ்வளவு சரிவு தேவை என்பது ஓட்டின் வகையைப் பொறுத்தது, தயாரிப்பாளரே அதைக் குறிப்பிடுவார். பொதுவான கான்கிரீட் ஓட்டுக்கு 20 பாகை என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஏறத்தாழ நாலரை அங்குலம் உயர வேண்டும். 18 அடி ஆழமுள்ள போர்ச்சுக்கு ஆறரை அடி.

முன்னால் கூரையின் விளிம்பு எட்டு அடி உயரத்தில் இருந்தால், பின்னால் அது வீட்டைத் தொடும் இடம் பதினாலரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டின் கூரை விளிம்பே பத்து அடி உயரத்தில்தான் இருக்கிறது. கணக்கு உதைக்கிறது. இரட்டை மாடி வீட்டில் சுவர் மேலே போகிறது, உண்மைதான். ஆனால் மேல்மாடிச் சன்னலின் அடிவிளிம்பு ஏறக்குறைய 13 அடியில் வந்துவிடும், அதற்கு மேல் போனால் சன்னலை மூட வேண்டும். ஆகவே முழுப் போர்ச்சையும் பின்னிருந்து முன்னாகச் சரியும் ஒரே ஓட்டுக் கூரையால் மூடுவது பெரும்பாலான வரிசை வீடுகளில் நடக்காத காரியம்.

இதற்காகத்தான் பல வீடுகளில் நடுவில் முகடு வைத்து இரண்டு பக்கமும் சரியவிடுகிறார்கள். 20 அடி அகலத்தில் பக்கத்துக்குப் பத்து அடி. முகடு மூன்றரை அடிக்குச் சற்று மேல் உயர்ந்தால் போதும். முகப்பும் எடுப்பாகத் தெரியும். ஆனால் இப்போது தண்ணீர் வாசலை நோக்கி ஓடுவதை விட்டுவிட்டு, இரண்டு பக்கத்து வீடுகளையும் நோக்கி ஓடுகிறது.

பக்கத்து வீட்டுத் தண்ணீர்

தாமானில் அண்டை வீட்டாரோடு வரும் சண்டைகளில் கார் நிறுத்தும் சண்டைக்கு அடுத்த இடம் கூரைத் தண்ணீருக்குத்தான் இருக்கும் போலிருக்கிறது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் மழை கொட்டினால், நாம் எடுத்துக்கொண்ட போர்ச் கூரையிலிருந்து மட்டும் இறங்கும் தண்ணீர் ஏறத்தாழ 1,650 லிட்டர். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழைக்கு அது அதிகமான கணக்கு இல்லை.

இந்தத் தண்ணீரை ஏந்தும் கட்டர், அதாவது நீர்த்தொட்டித் தகடு, உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரின் மேல் ஏறி உட்காரக் கூடாது. அதை வைக்க எல்லையிலிருந்து அரையடியோ ஓர் அடியோ உள்ளே தள்ளித்தான் ஓட்டின் விளிம்பு முடிய வேண்டும் என்பதை வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டரிலிருந்து இறங்கும் குழாய் நேரே கால்வாயில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து வீட்டாரின் ஓனிங் மேல் சொட்டவிட்டு, 'மழை எல்லாருக்கும்தானே பெய்கிறது' என்று சமாதானம் சொல்ல முடியாது. வேலை தொடங்குவதற்கு முன்பே இருபக்கத்து வீட்டாரிடமும் வரைபடத்தைக் காட்டி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வது உறவுக்கும் நல்லது, மன்றத்தில் அனுமதி கேட்கும்போதும் கைகொடுக்கும்.

கனமான கூரையைக் காற்று தூக்குமா?

தூக்கும். மூன்று பக்கமும் திறந்த போர்ச்சில் காற்று அடியில் புகுந்து மேல்நோக்கித் தள்ளுகிறது, அதே நேரம் மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சுகிறது. மேற்குக் கரையில் விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்றுக்குப் பிறகு தாமான்களில் பறந்து கிடக்கும் தகடுகள் இதற்குச் சாட்சி.

காற்றழுத்தம் பற்றிய மலேசியத் தரநிலை, தீபகற்பத்தின் அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 32.5 முதல் 33.5 மீட்டர் வரை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 65 முதல் 70 கிலோ எடைக்குச் சமம். ஓட்டின் எடை 45 கிலோதான். ஆகவே 'கனமான ஓடு, தானாக நிற்கும்' என்பது தவறான நம்பிக்கை. விளிம்பு வரிசைகளிலும் முகட்டிலும் ஒவ்வோர் ஓட்டையும் ஆணியாலோ கொக்கியாலோ பிணைக்க வேண்டும். சட்டங்களும் உத்திரத்தோடு இரும்புப் பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடு ஏறிய பிறகு இவற்றைப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு நாளும் மாலையில் கைப்பேசியால் படம் எடுத்து வைப்பது வீண் வேலை இல்லை.

குளிர்ச்சிதான் வேண்டுமென்றால்

ஓடு போட நினைக்கும் குடும்பங்கள் உண்மையில் விரும்புவது என்ன? வெயில் தணிய வேண்டும், மழைச் சத்தம் குறைய வேண்டும், பார்க்க வீடு போல இருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுக்கொடுக்க மனமிருந்தால், முதல் இரண்டுக்கும் ஓடு தேவையில்லை.

பாலிகார்பனேட்டின் கீழே சுடுவதற்குக் காரணம் அது வெளிச்சத்தோடு வெயிலின் வெப்பத்தையும் உள்ளே விடுவது. எந்தக் கெட்டியான கூரையும் அந்த வெயிலை நிறுத்திவிடும். ஆனால் கான்கிரீட் ஓடு பகலெல்லாம் வெப்பத்தை உள்வாங்கி, மாலையில் கீழ்நோக்கி விடும். ஓட்டின் அடியில் அலுமினியத் தாள் விரிக்காவிட்டால், இரவு எட்டு மணிக்கும் போர்ச் கணகணவென்றுதான் இருக்கும். அந்தத் தாளும் ஒரு பக்கமாவது ஓர் அங்குலக் காற்றிடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். பலகையோடு ஒட்டிவிட்டால் பயன் போய்விடும்.

இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த கூரைத் தகடு இப்போது பரவலாகக் கிடைக்கிறது. அதன் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ பத்து கிலோ, ஓட்டின் எடையில் கால்பங்குகூட இல்லை. ஐந்து பாகைச் சரிவிலேயே பல வகைகளைப் போடலாம் என்பதால் 18 அடிக்கு ஒன்றரை அடி உயர்ந்தால் போதும், தண்ணீரும் வாசல் பக்கமே இறங்கும். மழைச் சத்தம் வெறும் தகரத்தைவிட நன்றாகக் குறையும். ஓடு போலவே அச்சு அழுத்திய உலோகத் தகடும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஓட்டுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. இறங்கிக்கொண்டிருக்கும் மண்ணில் நிற்கும் ஒற்றை மாடி வீட்டுக்கு இதுவே பொருத்தம். ஓட்டு வீட்டுக் கனவுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

எதைப் போட்டாலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வரிசை வீட்டின் வரவேற்பறைக்கு வெளிச்சம் வருவது முன்சன்னல் வழியாகத்தான். பாலிகார்பனேட் இருக்கும் வரை அது உறைக்காது. கெட்டிக் கூரை வந்த மறுநாள் காலை பத்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். ஓட்டின் நடுவே நாலைந்து ஒளி ஊடுருவும் ஓடுகளையோ, தகட்டின் நடுவே ஒரு பட்டை கெட்டிப் பாலிகார்பனேட்டையோ விடச் சொல்லலாம்.

பின்கட்டில் இது இன்னும் முக்கியம். 1984ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டடத் துணைவிதிகள், வசிக்கும் அறைக்குத் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னல் வெளிச்சமும், 5 விழுக்காடு காற்று போகும் திறப்பும் வேண்டும் என்கின்றன. நடுமுற்றம் போல விடப்பட்ட காற்றுவெளியை ஓட்டால் அடைத்துவிட்டு, மிளகாய் தாளிக்கும் அடுப்பை அதன் கீழே வைத்தால் என்ன ஆகும் என்பதை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பழைய சாம்பல் நிறத் தகடு இருந்தால்

பழைய வீடுகளில் எடுக்கப்போவது பாலிகார்பனேட்டாக இல்லாமல், சாம்பல் நிறத்தில் நெளிநெளியான கல்நார்த் தகடாகவும் இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் பலருக்கும் புரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சும்மா இருக்கும் தகட்டைவிட உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் தூள்தான் ஆபத்து. சுத்தியலால் தட்டி உடைத்து லாரியில் கொட்ட விடாதீர்கள். நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, சுற்றிக் கட்ட வேண்டும். கல்நார்த் தூளும் நாரும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவுகள். அதைக் கையாளத் தெரிந்த ஆளிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

அனுமதியும் கையொப்பமும்

'வீட்டுக்கு முன்னால் ஓடு போடுவதற்கெல்லாம் யார் அனுமதி கேட்கிறார்கள்?' என்ற பேச்சு எல்லாத் தாமானிலும் உண்டு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. தூணும் உத்திரமும் எழுப்பி ஓடு போடுவதை வெறும் பழுதுபார்ப்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

மேருவின் பெரும்பகுதி கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. 2024 பிப்ரவரி 5ஆம் தேதி மாநகரத் தகுதி பெறும் வரை அது நகராண்மைக் கழகமாக இருந்தது. ஷா ஆலம் பக்கம் சேர்ந்த தாமான்கள் ஷா ஆலம் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தவை. ஐயம் இருந்தால் மதிப்பீட்டு வரி பில்லின் தலைப்பைப் பார்த்தால் போதும். அந்த மன்றத்தின் கட்டடப் பிரிவுக்குப் போய், 'போர்ச் கூரையை மாற்ற வேண்டும், தூணும் மாறுகிறது' என்று சொல்லி, எந்த வகை அனுமதி, யார் வரைய வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று முகப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்தபின் மதிப்பீட்டு வரி கொஞ்சம் உயரலாம். அதற்குப் பயந்து அனுமதி இல்லாமல் கட்டினால், அண்டை வீட்டார் ஒருவர் புகார் கொடுக்கும் நாளில் இடித்துத் தள்ளும் அறிவிப்பு வரலாம். வீட்டை விற்கப் போகும்போது வாங்குகிறவரின் வங்கியும் கேள்வி கேட்கும். வீட்டுக் காப்புறுதி எடுத்திருந்தால், கூரை மாறியதை அந்த நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தயங்க வேண்டாம். 1994ஆம் ஆண்டின் சட்டப்படி குத்தகையாளர்கள் அதில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நம்ம ஊர்க்காரர், கோவிலில் பார்த்த முகம், மச்சானுக்குத் தெரிந்தவர் என்பதெல்லாம் பதிவுக்கு ஈடாகாது. சொல்லப்போனால், தெரிந்தவர் என்பதாலேயே பலர் எழுத்தில் எதுவும் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு கேட்கவும் வாய் வருவதில்லை.

விலைப்பட்டியலில் 'ஓட்டுக் கூரை, மொத்தம் இவ்வளவு' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். பழையதைக் கழற்றி அகற்றுவது, அடித்தளத்தின் ஆழமும் முளையின் வகையும், தூண் உத்திரத்தின் அளவு, ஓட்டின் வகையும் சரிவின் பாகையும், அலுமினியத் தாள், கட்டரும் இறக்கக் குழாயும், உட்கூரை, அனுமதிச் செலவு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மூவரிடம் வாங்கிய பட்டியலை அப்போதுதான் ஒப்பிட முடியும். மிகக் குறைந்த விலை கொடுத்தவரின் பட்டியலில் காணாமல் போயிருப்பது பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்க வேண்டிய வரிதான்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் இருக்கும் நெகிழ்வுக் கணக்கிலிருந்து பணம் எடுத்து இந்த வேலையைச் செய்யச் சிலர் எண்ணுகிறார்கள். எடுக்கலாம். ஆனால் ஓய்வுக்காலப் பணத்தை ஒரே தவணையில் முன்பணமாக ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அடித்தளம் முடிந்ததும் ஒரு பங்கு, சட்டம் ஏறியதும் ஒரு பங்கு, ஓடு ஏறியதும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள்.

வேலை பாதியில் நின்றாலோ, கட்டிய கூரை ஒழுகி, கூப்பிட்டும் ஆள் வராவிட்டாலோ, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே இரு தரப்பும் தாங்களே பேசிக்கொள்ள வேண்டும். சிக்கல் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே கேட்கப்படுவது எழுத்தில் இருக்கும் பட்டியல், பணம் கொடுத்த ரசீது, எடுத்து வைத்த படங்கள்.

கடைசித் தவணையை, அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலும், ஓடு ஏறிய அன்றே கொடுத்துவிட வேண்டியதில்லை. இரண்டு பெரிய மழை பெய்யட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். முதல் மழையின்போது குடையோடு வெளியே வந்து, கூரை சுவரைத் தொடும் கோட்டையும், இரு பக்கத்துக் கட்டர்களையும், தண்ணீர் கால்வாயில் இறங்கும் இடத்தையும் பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டுக் கூரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.